நடவு வரிசையில் ஒரு ஒன்லி

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். போன வாரம் கூரியர்க்காரர் ஒருவர் போனில் இங்கிலீஷில் பேசினார். நான் மட்டும் விடுவேனா, "ஐ ஆம் இன் தி ஹவுஸ் ஒன்லி" என்றேன். அவருக்குப் புரிந்தது. ஐந்து நிமிடத்தில் பொட்டலம் வாசலுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, ஒன்லிய அங்க போடக் கூடாதும்மா, கேக்கறவங்க சிரிப்பாங்க" என்றான். அடே, ஒன்லியை எங்கே போடுவது என்று எனக்கா சொல்லித் தருகிறாய், அதற்காக ஒன்பது பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று பாடியதைக் கேட்டவள் நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவனுக்கு அது கதை. உங்களுக்கு அப்படி இல்லை. நம் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது அந்தச் சொல்லிடம் குட்டு வாங்கியவர்கள்தானே.

எங்கள் வீடு காரைக்காலை ஒட்டிய நெடுங்காட்டுப் பக்கம். அப்பாவுக்குக் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அது போதாததால் அம்மாவும் அத்தையும் மற்றவர்கள் வயலுக்கும் நடவுக்குப் போவார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அத்தைக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற பாடங்கள் எல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை தோற்றிருந்தாள். அக்டோபரில் வரும் மறுதேர்வு மூன்றாவது தடவை.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் முக்கியமான விஷயங்களைச் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான். "இந்தத் தடவ தேறலன்னா தை மாசம் கல்யாணம். மாமன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. தேறிட்டன்னா நீ சொல்றத நான் கேக்கறேன்" என்றார். மாப்பிள்ளை ஒன்றும் மோசமில்லை. நல்ல மனுஷர், பிற்காலத்தில் எனக்கே மாமா முறையில் ஒரு நல்லது செய்தார். ஆனால் அத்தைக்கு நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும். காரைக்கால் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலையோடு போன ஒரு நர்சம்மாவைப் பார்த்த நாளிலிருந்து அந்த எண்ணம் அவளை விடவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கை கழுவிய சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

படிக்கப் புத்தகம் வேண்டுமே. அத்தையிடம் இருந்தது ஒரே ஒரு பழைய கைடு. அது வந்த கதையைக் கேளுங்கள். கடைத்தெருவில் பாய் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறாள். பாய் ஒரு புத்தகத்திலிருந்து தாள் கிழித்துக் கடுகு மடித்துக் கொடுத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் இங்கிலீஷ் இலக்கணம். திரும்ப ஓடிப்போய், "பாய், அதக் கிழிக்காதீங்க" என்றிருக்கிறாள். "படிக்கிற புள்ளயாம்மா நீ? இந்தா, எடுத்துட்டுப் போ. பின்னாடிப் பக்கமெல்லாம் காலைலயே மல்லி மடிக்கப் போயிட்டுதேம்மா" என்று வருத்தப்பட்டுக் கொடுத்தாராம். கைடில் பின்னால் இருப்பவைதான் விடைகள். ஆகக் கேள்விகள் எல்லாம் அத்தையிடம் இருந்தன, விடைகள் யார் யார் வீட்டுக் கொத்தமல்லியோடோ போய்விட்டன. அந்தக் கைடிலிருந்து சீரகமும் மிளகும் கலந்த ஒரு வாசனை வரும். மழைக்காலத்தில் இன்னும் தூக்கலாக வரும்.

அதில்தான் அந்தக் கேள்வி இருந்தது. 'மை பிரதர் கேவ் மீ எ புக்.' என் அண்ணன் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தான். இதில் ஒன்லியை வெவ்வேறு இடத்தில் போட்டு, ஒவ்வொரு தடவையும் என்ன பொருள் வருகிறது என்று எழுத வேண்டும். இரண்டு பரீட்சையிலும் இதே மாதிரி கேள்வி அத்தையைக் கவிழ்த்திருந்தது. அவள் ஒன்லியைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பாள். நம் வாய்க்கு அதுதானே வரும். தமிழில் 'அண்ணன் மட்டும்', 'புத்தகம் மட்டும்' என்று சொல்லுக்குப் பின்னால் ஒட்டிப் பழகியவர்கள் நாம். இங்கிலீஷில் அது சொல்லுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் இதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார், அதுவும் மணி அடித்த பிறகு.

ஊரில் கேட்கவும் ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கொம்யூன் ஆபீசில், அதாவது ஊராட்சி ஆபீசில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அத்தை கைடைத் தூக்கிக்கொண்டு போனாள், நானும் வால் பிடித்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுப் பக்கத்தையும் படித்துப் பார்த்தார். "பிரெஞ்சுன்னா இப்பவே சொல்லிருவேம்மா. இது எங்க காலத்துக்குப் பின்னால வந்த பாஷ. அரைகுறையாச் சொன்னா பாவம் எனக்கு" என்று சொல்லி, இரண்டு கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரிய மனிதர்களை விரல் விட்டு எண்ணலாம், அவர் ஒருவர்.

அந்த வருஷம் காவிரித் தண்ணீர் பிந்தி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நடவு. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அத்தை விடிந்தால் சேற்றில் நிற்கிறாள், பொழுது சாய்ந்துதான் கரையேறுகிறாள். படிக்க நேரம் எங்கே? எனக்குக் காலாண்டு விடுமுறை. "பாப்பா, நீ கைட எடுத்துக்கிட்டு வரப்புல வா. எங் கையிலதான் சேறு, காதுல இல்லியே" என்றாள்.

நடவு பார்த்திராத பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். நாற்றை முடி முடியாகக் கட்டி வயலில் அங்கங்கே வீசியிருப்பார்கள். இடது கையில் முடி, வலது கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து ஊன்ற வேண்டும். வரிசையில் ஒரு பாட்டுக்காரம்மா இருப்பார். அவர் ஒரு அடி பாடினால் மற்ற எட்டுப் பேரும் திருப்பிப் பாட வேண்டும். அது என்ன பாட்டு, நல்ல பாட்டா கெட்ட பாட்டா என்றெல்லாம் கேட்கக் கூடாது. பாட்டு நின்றால் கையும் நிற்கும்.

இரண்டாம் நாள் மழையில் நனைந்து பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "யாராச்சும் எடுத்துக் குடுங்கடி, எனக்குக் காத்துதான் வருது" என்று கரகரத்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் வரப்பில் நின்று கைடைப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை குனிந்தபடியே அதைப் பாட்டு மெட்டில் இழுத்தாள். "மை பிரதர் கேவ் மீ எ புக்." பழக்க தோஷம், எட்டுப் பேரும் திருப்பிப் பாடிவிட்டார்கள். பாடிய பிறகுதான் என்ன பாடினோம் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"என்னாடி இது, கிறிஸ்துவப் பாட்டா?" என்றார் பாட்டுக்காரம்மா.

"இல்லக்கா, பரீச்சப் பாட்டு. எங்கண்ணன் எனக்கு ஒரு பொஸ்தகம் குடுத்தான்னு அர்த்தம்."

"அதுக்கு ஏன்டி இந்த இழுவ?"

அத்தை நிமிராமல் சொன்னாள். இதில் ஒன்லி என்று ஒரு சொல் வரும், மட்டும் என்று அர்த்தம், அது எந்தச் சொல்லுக்கு முன்னால் விழுகிறதோ அதைத்தான் பிடிக்கும், நாற்று முடி யார் பக்கத்தில் விழுகிறதோ அவள் எடுத்து நடுகிற மாதிரி என்றாள். வாத்தியார் மணி அடித்த பிறகு சொன்னது அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. அவளுக்கே அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். குனிந்திருந்தவள் ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றுவிட்டு மறுபடி குனிந்தாள்.

அதன் பிறகு அந்தப் பெண்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒன்லியை முதலில் வைத்துப் பாடினாள் அத்தை. அண்ணன் மட்டும்தான் கொடுத்தான், வேறு யாரும் கொடுக்கவில்லை என்றாள். "ஆமாண்டி, எனக்கும் அப்புடித்தான், பொறந்த வீட்டுல அவன விட்டா நாதியில்ல" என்றார் ஒருத்தர். பிரதருக்கு முன்னால் வைத்தால் ஒரே அண்ணன். "ஒத்தப் பொறப்பு" என்றார் என் அம்மா. மீக்கு முன்னால் வைத்தால் எனக்கு மட்டும் கொடுத்தான். அதற்கு வரிசையில் ஒரு சண்டையே வந்தது. "அதென்ன ஓரவஞ்சன, சின்னவளுக்குக் குடுக்க வேணாமா?" என்று ஒருத்தர் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அவர் வீட்டில் அப்படி ஒன்று நடந்திருந்தது. எ புக் என்பதற்கு முன்னால் வைத்தால் புத்தகம் மட்டும். "பொஸ்தகத்தோட சரியா? சீரு செனத்தி ஒண்ணும் இல்லியா?" என்று பாட்டுக்காரம்மா கரகரத்ததும் வயலே சிரித்தது. கேவ் என்பதற்கு முன்னால் வைத்தால்தான் அவர்களுக்கு இடித்தது. கொடுத்தான், அதோடு சரி. "குடுத்தான், படின்னு ஒக்கார வெக்கல. அவ்வளவுதானே?" என்றார் அம்மா. அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

இப்படியே ஒரு வாரம். ஒன்லி மட்டுமா, கைடில் இருந்த அத்தனையும் சேற்றுக்குள் இறங்கியது. ஊரில் சிலர் அத்தைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு முணுமுணுத்துக்கொண்டு போனால் வேறு என்ன சொல்வார்கள்? தாயத்து கட்டச் சொல்லி அம்மாவிடம் ஒரு கிழவர் யோசனை சொன்னார். அந்தக் கிழவரின் பேரன் இன்று இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான், அதை விடுங்கள்.

அப்பா ஒருநாள் பக்கத்து வரப்பில் மண்வெட்டியோடு நின்று பாட்டைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டுல அண்ணன் என்ன குடுத்தான்?"

"புத்தகம்ப்பா."

"நான் ஒண்ணும் வாங்கிக் குடுக்கலியே."

"அது இலக்கணத்துக்காகப்பா. சும்மா."

"இலக்கணத்துல பொய் சொல்லலாமா?" என்றார். பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான். கல்மனசு என்று நினைத்தேன்.

பரீட்சை காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில். வயசுப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். பத்து வயதுத் துணை. வழியில் எவனாவது வம்பு செய்தால் நான் என்ன கிழித்திருப்பேன் என்று யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் அத்தை நகக்கண்ணில் இருந்த சேற்றைத் தென்னங்குச்சியால் நோண்டிக்கொண்டே வந்தாள். எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

நான் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தேன். தாகம் எடுக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆயாம்மா ஒருவர் வாசலில் பானையோடு நின்றார். முதல் ஒரு மணி நேரம் அத்தை தலை நிமிராமல் எழுதினாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்விக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வாக்கியம் வேறாக இருந்திருக்கும், சங்கதி ஒன்றுதான். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. வலது கை மேசை மேல் போனது. கட்டை விரலும் இரண்டு விரலும் காற்றில் எதையோ பிரித்தன, மேசையில் ஊன்றின. பிரித்தன, ஊன்றின. அத்தைக்கு அது தெரியவே இல்லை. அந்த மெட்டும் அந்தக் கையும் இல்லாமல் அவளுக்கு அந்த வாக்கியம் வராது.

கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். வேகமாக வந்து விடைத்தாளைப் பிடுங்கினார்.

"யாருக்கு சைகை காட்டுற?"

அத்தை எழுந்து நின்றாள். "இல்ல சார்."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். விரல் ஆடுது, வாய் ஆடுது. மூணா, ரெண்டா? எந்த வரிசைல இருக்கான் அவன்?"

"நடவு சார்" என்றாள் அத்தை. பயத்தில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

"என்ன நடவு? திமிரா?"

அவர் விடைத்தாளை மடித்துக்கொண்டு தன் மேசைக்கு நடந்தார். புகார் எழுதப் பேனாவைத் திறந்தார். அத்தை அசையாமல் நின்றாள். தை மாசம், தை மாசம் என்றே எனக்கு மனசுக்குள் ஓடியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதுதான் ஆயாம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். "சார், அது நடவுக் கை சார்."

"நீங்க வெளில இருங்கம்மா."

"இருக்கேன் சார். ஒரு நிமிஷம் இதப் பாத்துடுங்க." சேலையைத் தூக்கிச் செருகினார். நரைத்த தலை. பரீட்சை எழுதுகிற அத்தனை பேர் முன்னால் மேசைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் குனிந்தார். இடது கையில் இல்லாத முடியைப் பிடித்து, வலது கையால் பிரித்துப் பிரித்து ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அதே கட்டை விரல், அதே இரண்டு விரல். கூடவே வாயும் முணுமுணுத்தது. இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஆயாம்மா சட்டை செய்யவில்லை. ஒரு வரிசை முழுக்க நட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். "இதுல எந்தப் பயலுக்கு சார் சைகை இருக்கு? இந்தப் புள்ள நகத்தப் பாருங்க" என்றார்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. டவுன்காரர், சேறு மிதித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். எழுந்து வந்து அத்தையின் விரல்களைப் பார்த்தார். ஆயாம்மாவின் விரல்களையும் பார்த்தார். விடைத்தாளைப் பிரித்து நீவி மேசையில் வைத்தார். "எழுதும்மா. போன நேரத்தக் கடைசில தரேன்" என்றார். சொன்னபடி தரவும் தந்தார். எல்லாரும் போன பிறகும் அத்தை எழுதிக்கொண்டிருந்தாள், அவர் வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்து அத்தை ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போ புள்ள. எத்தன வருஷமா தண்ணி தூக்குறேன், உள்ள என்ன எழுதுறாங்கன்னு ஒண்ணும் வெளங்குனதில்ல. இன்னிக்கித்தான் ஒண்ணு வெளங்குச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பானையைக் கவிழ்த்துக் கழுவினார். அவர் எந்த ஊர் என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஒரு குறைதான்.

முடிவு வந்தது ஐப்பசி மழைக்கு நடுவில். ஊரார் வயலெல்லாம் முடிந்து, அன்றைக்குத்தான் எங்கள் குத்தகை நிலத்தில் நடவு. தேறியவர்களின் எண்கள் பேப்பரில் வரும். அப்பா விடியலிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் அனுப்பவில்லை, அவராகப் போனார். திரும்பி வந்தபோது பேப்பரை நனையாமல் பனியனுக்குள் வைத்திருந்தார். நான் வரப்பில் நின்றேன். எனக்குப் பிரித்துக் காட்டினார். எண் இருந்தது. நான் கத்தப் போனேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. இறங்கிய வயலைப் பாதியில் விட்டுக் கரையேறக் கூடாது, பாதி நடவில் கண்ணீரும் விழக் கூடாது, விழுந்தால் பயிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போகும் என்பார்கள். சந்தோஷக் கண்ணீருக்கும் அதே சட்டம்தான். பாட்டுக்காரம்மா கை இடுக்கு வழியாகப் பின்னால் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுக் குனிந்தபடியே சொன்னார். "தம்பி, நல்லதோ கெட்டதோ, முடிச்சப்புறம் சொல்லு."

இன்னும் கால்வாசி வயல் இருந்தது. ஒன்பது பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் அவசரப்பட்டார்கள். அத்தை அவசரப்படவில்லை. அண்ணன் பின்னால் நிற்கிறார், அவர் கையில் தன் வாழ்க்கை இருக்கிறது, அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரித்து ஊன்றி, பிரித்து ஊன்றி வந்தாள். ஒரு நாற்று சாயவில்லை. அப்பா பேப்பரை மறுபடி பனியனுக்குள் செருகினார்.

கடைசி நாற்றை ஊன்றிக் குலவை போட்டார்கள். அத்தை வாய்க்காலில் கையைக் கழுவினாள். அதன் பிறகுதான் திரும்பினாள்.

"தேறிட்டம்மா" என்றார் அப்பா.

அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"சொன்ன வாக்கு வாக்குதான். இப்ப நீ சொல்லு. என்ன பண்ணணும், எங்க சேரணும், நான் என்ன செய்யணும்?"

அப்பா அவளிடம் இப்படிக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை போல. என்னென்னவோ சொல்ல வைத்திருந்தவள்தான், நர்ஸ் படிப்புக்கு எங்கே விண்ணப்பம் போடுவது என்பது வரை எனக்கே சொல்லியிருக்கிறாள். கரையேறி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"சொல்றேண்ணே. எல்லாம் சொல்றேன். மொதல்ல கொஞ்சம் ஒக்காரணும்" என்றாள்.

மழையில் வரப்பு முழுக்கச் சகதி. அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இரண்டாக மடித்து, குனிந்து, தங்கை உட்காருவதற்கு அதை அந்தச் சகதியில் விரித்தார்.